முந்துவதும் காத்திருப்பதும்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

எம்பெருமானை ஸேவிக்க வருகின்றவர்களின் தொகை ஆண்டுதோறும் பெருகி வருவது ஆஸ்திகர்கள் அனைவருக்கும் உகப்பளிப்பதாகும். முற்காலத்தில் கட்டுச்சோற்று மூட்டையுடன் பல நாள் வழிநடந்து வந்து சேர்ந்தனர். இக்காலத்தில் இரவில் பஸ் ஏறி விடியற்காலையில் கோபுர வாசலில் இறங்கிவிடுகின்றனர். வழிப்பயணம் சுருங்கிற்று. ஆனால் கோபுர வாசலுக்கும் கர்ப்பக்ருஹத்துக்கும் இடையேயுள்ள தூரமோ நீண்டுவிட்டது. முந்நூறு மைல் தூரத்தை ஓர் இரவில் கடந்தவர், கோயிலுக்குள் முந்நூறு அடி தூரத்தைக் கடக்க ஒரு பகல் முழுவதும் நிற்க வேண்டியிருக்கிறது.

இவ்வாறு நிற்கும் வரிசையிலே ஒரு தர்ம விசாரம் அடங்கியுள்ளது. ஒருவர் மற்றொருவரை முந்திக்கொண்டு எம்பெருமானை ஸேவிப்பது தகுமா? தகுமெனில், எதை முன்னிட்டுத் தகும்?

இன்றைய லோக வாழ்க்கையில் காத்திருத்தல் என்பது ஒரு குறையாகவே கருதப்படுகிறது. கைபேசியைத் தொட்டால் பணம் மறுகணமே அயலூர் சேர்கிறது. உணவு வீட்டு வாசலுக்கு வருகிறது. ரயில் சீட்டும் இருந்த இடத்திலேயே கிடைக்கிறது. இவையெல்லாம் நன்மைகளே, பழிக்கத் தக்கவையல்ல. ஆயினும் இவற்றோடு கூடவே ஓர் எண்ணமும் மனத்தில் குடிபுகுந்துவிட்டது. வசதியுள்ளவன் காத்திரான், காத்திருப்பவன் வசதியற்றவன் என்பதே அது. அவ்வெண்ணம் செருப்போடு வாசலில் தங்குவதில்லை, உள்ளேயும் வந்துவிடுகிறது.

2019-ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாட்கள் காஞ்சிபுரத்தில் அத்திவரதர் ஸேவை ஸாதித்தருளினார். 1939, 1979 ஆகிய ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் நிகழ்ந்த அந்த வைபவத்தில் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் ஸேவித்ததாகக் கணக்கிடப்பட்டது. நாற்பது ஆண்டுகள் அனந்தஸரஸ்ஸின் அடியில் ஜலவாஸம் செய்தருளிய பெருமானின் முன்னே, நான்கு மணி நேரம் பொறுக்க இயலாமல் எத்தனை எத்தனை அனுமதிச் சீட்டுகளும் சிபாரிசுகளும் தேடப்பட்டன என்பதை அன்று சென்றவர்கள் அறிவர்.

2025-ஆம் ஆண்டு ஜனவரி 8-ஆம் தேதி நடந்தது இதனினும் துயரமானது. வைகுண்ட ஏகாதசியை ஒட்டிய ஸேவைக்காகத் திருப்பதியில் சீட்டு வழங்கப்படும் இடத்தில் நெரிசல் ஏற்பட்டு ஆறு பேர் உயிரிழந்தனர். அவர்கள் பெருமாள் ஸந்நிதியில் நிற்கவில்லை; ஸந்நிதிக்குச் செல்வதற்கான சீட்டைப் பெறவே நின்றிருந்தார்கள். மடிந்தவர்கள் மீது எவரும் குறை சொல்லலாகாது. கூட்டத்தை ஒழுங்கு செய்யும் பொறுப்பு ஏற்பாடு செய்வோருடையது. எனினும் கூட்டத்தின் இயல்பு ஒன்றை ஸேவார்த்திகள் ஒவ்வொருவரும் உணர வேண்டும். பின்னே நிற்கும் ஒருவர் சற்றே தள்ளுகிறார். அவருக்கு முன்னிருப்பவர் அந்த விசையைத் தாங்கமாட்டாமல் தமக்கு முன்னிருப்பவர் மீது சாய்கிறார். இவ்வாறு பலருடைய தள்ளுதலும் ஒன்றுசேர்ந்து, எங்கோ முன்னே கம்பியோரம் நிற்கும் ஒரு மூதாட்டியின் மூச்சை அடைத்துவிடுகிறது. தள்ளியவர் அந்த மூதாட்டியைக் கண்டதேயில்லை. காணாமல் செய்ததால் அது அபசாரம் ஆகாமற்போகுமா? பாகவதாபசாரத்தை எம்பெருமான் பொறான் என்று பூர்வாசார்யர்கள் மிகவும் அஞ்சி உபதேசித்தார்கள். ஓர் அடியாரை நெருக்கித் தள்ளிப் பெற்ற ஸேவையை எம்பெருமான் எங்ஙனம் உகப்பான்?

இனி, முன்னுரிமை என்பதே கூடாதா எனில், அதுவுமன்று. முதியோர், கர்ப்பிணிகள், கைக்குழந்தையுடன் வந்தவர்கள், நோயுற்றோர், உடற்குறையுள்ளோர் ஆகியோரை முன்னே விடுவது தர்மமேயாகும். அங்கே முன்னிடம் தருவது அவர்களுடைய ஆர்த்தி. ஆர்த்தனுக்கு முதலில் இரங்குவது எம்பெருமானுடைய ஸ்வபாவம். அடியார்களும் அதனைப் பின்பற்றுகிறார்கள்.

கோயில்களிலேயே தீர்த்தம், ஸ்ரீசடகோபம் முதலியவற்றுக்கு அருளிப்பாடு என்னும் க்ரமம் உள்ளதே எனச் சிலர் வினவலாம். உண்மை. ஆயின் அது கைங்கர்யத்தை முன்னிட்டு ஏற்பட்டது. பெயர் சொல்லி அழைக்கப்படுமளவும் காத்திருந்து, அழைத்தபின் வணங்கிப் பெற்றுக்கொள்வதே அதன் முறை. அது உரிமையென்று வாதாடப்பட்டு நீதிமன்றம் வரை சென்ற இடங்களில் மரியாதையின் உயிர் போய் உடல் மட்டுமே எஞ்சியது.

பொருளை முன்னிட்ட முன்னுரிமையே ஆராயத்தக்கது. கோயிலுக்கு வருவாய் வேண்டும். திருவிளக்குக்கும் தளிகைக்கும் திருப்பணிக்கும் அன்னதானத்துக்கும் பொருளில்லாமல் நடவாது. விசேஷ ஸேவைக் கட்டணம் இவற்றுக்குப் பயன்படுகிறது என்பதை மறுப்பது நியாயமன்று. ஆனால் ஸமர்ப்பணம் வேறு, விலை வேறு. கொடுத்தபின் எதையும் எதிர்நோக்காதபோது அது ஸமர்ப்பணம். கொடுத்ததற்கு இத்தனை நிமிஷம், இவ்வளவு அருகில் என்று கணக்கிடும்போது அது விலையாகிவிடுகிறது. மேலும், கட்டணமின்றி நிற்பவர் ஒன்றும் கொடாதவர் என்று எண்ணிவிடலாகாது. அன்றாடங் கூலிக்கு உழைப்பவர் ஒரு நாள் வரிசையில் நின்றால் ஒரு நாள் கூலியை இழந்தே நிற்கிறார். செல்வர் தம் பெட்டியில் மிஞ்சியதில் சிறிது கொடுத்து நேரத்தைப் பெறுகிறார். ஏழையோ தம் அடுப்பெரியும் பொருளைக் கொடுத்து அதே ஸேவையைப் பெறுகிறார். இருவரில் அதிகம் கொடுத்தவர் யார் என்பதை எம்பெருமான் அறிவான்.

கட்டணமாவது அனைவரும் அறியப் பலகையில் எழுதப்பட்டது. சிபாரிசோ மறைவானது. ஒருவர் பக்கவாட்டு வழியே அழைத்து வரப்படும்போது நூறு பேர் நிறுத்தப்படுகிறார்கள். அழைத்து வரப்பட்டவர் திரும்பிப் பார்த்தால் அந்த நூறு முகங்களையும் காண்பார். பெரும்பாலும் அவர் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஆழ்வார்களும் ஆசார்யர்களும் இவ்விஷயத்தில் காட்டிய வழி யாது? குலசேகராழ்வார் முடிமன்னர். எல்லோருக்கும் முன்னே சென்று ஸேவிக்கும் அதிகாரம் அவருக்கு இருந்தது. அவர் வேண்டியதோ திருவேங்கடமுடையான் ஸந்நிதியில் பிறர் மிதித்தேறும் படியாகக் கிடப்பதை. அதனால் இன்றும் திருமால் ஸந்நிதிகளின் வாசற்படிக்குக் குலசேகரன் படி என்றே திருநாமம் வழங்குகிறது. அப்படியைக் கடக்க முண்டியடிப்பவர், ஓர் அரசர் தம் பெருமையை எங்கே இறக்கி வைத்தார் என்பதை அறியாமலே கடந்துவிடுகிறார்.

திருப்பாணாழ்வார் காவிரிக்கரையிலேயே நின்று பெரிய பெருமாளைப் பாடியிருந்தார். அவரை விலகச் சொன்ன லோகஸாரங்க முனிவரையே தம் தோளில் அவரைச் சுமந்து வரும்படி அரங்கன் நியமித்தருளினான். பாணர் முந்தவில்லை, ஒதுங்கி நின்றார். ஒதுங்கி நின்றவரை அழைத்துவரச் செய்தவன் அரங்கன்.

எம்பெருமானார் ரஹஸ்யார்த்தம் பெறுவதற்காகத் திருவரங்கத்திலிருந்து திருக்கோட்டியூருக்குப் பதினெட்டு முறை நடந்தார். அத்தனை முறை காத்திருந்து பெற்றதை, பிறர் ஒரு முறையும் காத்திராமல் பெறும்படி வெளியிட்டருளினார். தாம் காத்திருந்து பிறரை முந்தவிட்டவர் அவர். அவருடைய திருநாமத்தைச் சொல்லிக்கொண்டே பிறரை நிறுத்திவிட்டுத் தாம் முந்துவது பொருந்துமா?

எம்பெருமானையும் சிந்திக்கலாம். விதைத்துவிட்டு விளைச்சலுக்குக் காத்திருக்கும் உழவனைப் போல, அவன் இந்த ஜீவன் என்றேனும் தன்னிடம் வருவான் என்று பல பிறவிகளாகக் காத்திருக்கிறான். அவன் காத்திருப்புக்கு முன்னே ஜீவன் நிற்கும் சில மணி நேரம் எம்மாத்திரம்? திருநாமத்தைச் சொல்லியபடி நிற்கும் நேரமும் ஸேவையின் ஓர் அங்கமே. முன்னே நிற்கும் முதியவருக்குத் தண்ணீர் கொடுப்பதும், அயலாரின் குழந்தையைச் சற்று ஏந்திக்கொள்வதும், ஸந்நிதியில் ஒரு கணம் ஸேவித்தபின் பின்னிருப்பவருக்கு வழிவிடுவதும் கைங்கர்யங்களே. ஸந்நிதியில் பணிபுரிவோரும் செல்வருக்குக் காட்டும் தீபத்தை ஏழைக்கும் அதே உயரத்தில் காட்டக் கடமைப்பட்டவர்கள். ஸ்ரீசடகோபம் ஒன்றுதான், அது எல்லாத் தலைகளிலும் படிகிறது.

இந்த உத்ஸவமே மேற்சொன்ன வினாவுக்கு எம்பெருமான் தந்தருளும் விடையாகும். உள்ளே வர இயலாதவர்களுக்காகவே அவன் வாஹனத்தில் எழுந்தருளி வீதிக்கு வருகிறான். வீதியிலே சீட்டும் இல்லை, சிபாரிசும் இல்லை. நடக்கமாட்டாமல் தன் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கும் ஒரு கிழவியின் எதிரே திருவடி தாங்குவோர் தோள் மாற்றிக்கொள்ள நின்றால், அக்கணத்தில் முதல் ஸேவை அவளுடையதே. அவள் எவரையும் முந்தவில்லை. பெருமாளே அவளை நாடி முந்தி வந்தான். அவன் முந்தி வருகிறான் என்ற விச்வாஸம் உள்ளவர்க்கு, மற்றவரை முந்த வேண்டிய அவசியம் ஏற்படுவதில்லை.