உண்டியலும் கும்பினியும்

ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஆதிபத்தியத்துக்காகக் கண்டந்தோறும் மோதிக்கொண்ட 18-ஆம் நூற்றாண்டில், ஆர்க்காட்டு நவாப் பட்ட யுத்தக் கடனுக்கு ஈடாகத் திருப்பதிக் கோயிலின் வருமானமே கிழக்கிந்தியக் கும்பினியார் கைக்குச் சென்றது என்பதை நினைக்கையில், பக்தன் இட்ட காசு யாருடையது என்னும் வினா எழாமற் போகாது. 1801-இல் நிர்வாகத்தையே ஏற்ற கும்பினி, விக்கிரக ஆராதனைக்குத் துணைபோவதா என்று சீமையில் பாதிரிமார் எழுப்பிய ஆட்சேபத்தால், 1843-இல் அதை ஹாதிராம்ஜி மடத்தின் தலைவரான மகந்திடம் ஒப்படைத்து விலகியது; நாற்பது ஆண்டு உறுத்தாத மனச்சாட்சி! கொடுத்தவனின் தர்மம் கை விட்டதோடு பூர்த்தியாகலாம். பெற்றவனின் கணக்கும் அப்படியா? வெண்துணி போர்த்த உண்டியல் கொப்பரைக்குள் கையை முழங்கைவரை விட்டு, மஞ்சள் துணி முடிப்பை நழுவவிடும் சித்தூர்க் கிழவிக்கு இந்த விசாரமெல்லாம் இல்லை. கண்ணை ஒற்றிக்கொண்டு, அடுத்தவருக்கு வழிவிட்டு நகர்கிறாள்.