பிரிந்தார் மீளுதல்

ஒரு சமயத்தின் உண்மையைத் தெளிந்து, பின்னர் அதனைக் கைவிட்டுப் பகைத்தவனுக்கு மன்னிப்பு உண்டோ? சேர்வராயன் கோயிலும் கிறித்துவ ஆலயங்களும் ஒரே மலைமேல் நிற்கும் ஏற்காடு போன்ற ஊர்களில் இஃது ஏட்டளவில் அமையும் வினாவன்று. பிரிந்து சென்றான் ஒருவன் மீண்டுவந்து வாயிலில் நிற்குங்கால், உள்ளிருப்போர் விடை கூறியே தீரவேண்டும்.

அமெரிக்க நாட்டு மார்மன் சபையார் இதற்குக் கடுமையானதொரு விடை கூறினர். ஜோசப் ஸ்மித் என்பார் 1830-இல் அச்சபையை நிறுவினார். 1832-இல் தாம் கண்டதாக அவர் உரைத்த காட்சியின்படி, பொய்யரும் விபசாரரும் கூடத் தண்டம் நுகர்ந்தபின் ஏதேனும் ஓர் ஒளியுலகை எய்துவர். பரிசுத்த ஆவியால் உண்மையை அறிந்தபின் அதனை மறுத்தவருக்கு மாத்திரமே மீட்சியில்லை. அறியாமைக்கு இரக்கம் உண்டு, அறிந்து செய்த துரோகத்திற்கு இல்லை என்பது கருத்து. ஆயினும் பிரிந்தார் அனைவரையும் அவர் அவ்வகையில் வைத்திலர். ஸ்மித்துக்கு எதிராகச் சான்று கூறிய பெல்ப்ஸ் என்பார் 1840-இல் பிழைபொறுக்குமாறு எழுத, ஸ்மித் பட்ட துன்பங்களை எடுத்துக்கூறியே அவரை மீளவும் வரவேற்றார். 1838-இல் நீக்கப்பட்ட ஆலிவர் கௌடரி 1848-இல் திரும்பச் சேர்க்கப்பட்டார். கோட்பாட்டினும் அவர்தம் நெஞ்சம் அகன்றிருந்தது போலும்.

சைவர்க்கு இவ்வினா திருவாமூரில் எழுந்தது. சைவக் குடியிற் பிறந்த மருணீக்கியார் சமணம் புக்கு, தருமசேனர் என்னும் பெயரோடு அவர்தம் ஆசிரியருள் முதன்மை எய்தினார். பின்னர்ச் சூலைநோய் பற்ற, மீண்டார். ஈண்டு நோக்கத்தக்கது ஒன்றுண்டு: அவர் இருமுறை பிரிந்தவர். சைவர்க்கு மீண்டு வந்த அடியார். சமணர்க்கோ தம்மைக் கைவிட்ட துரோகி. நீற்றறையும் நஞ்சும் யானையும் கல்லொடு பிணித்துக் கடலில் இடுதலும் அத்துரோகத்திற்கு விதித்த தண்டம் எனச் சேக்கிழார் கூறுவர். இது சைவர் எழுதிய வரலாறு என்பதும், எண்ணாயிரவர் கழுவேறிய கதையும் அதே நூலில் உளது என்பதும் மறைக்கற்பாலன அல்ல.

அற்றேல், அறிந்து பிரிந்தார்க்குச் சித்தாந்தம் கூறும் விடை யாதோ எனின், ஆணவமலம் மறைக்கும் வரை உயிர் முற்ற அறிந்தது என்று சொல்லுதற்கு இடமில்லை. ஒருவன் உண்மையை விட்டகன்றான் எனின், அவன் கண்டது குறையே என்பது பெறப்படும். ஆகலின் முடிவில்லாத் தண்டத்திற்கு ஏதுவான முழுத்துரோகம் உயிர்க்கு இயல்வதன்று. வினைக்கு அளவுண்டு, அளவுடைய வினைக்கு அளவிலாத் தண்டம் பொருந்தாது.

அங்ஙனமாயின் பிழை எளிதாய்விடாதோ? விடாது. சூலை விளையாட்டன்று, குடரைத் துடக்கி முறுக்கிய நோய். அதனை மறக்கருணை என்பர் பெரியோர். மருந்தெனக் கொடுக்கப்படும் துன்பம் நோய் தீர்ந்தவிடத்து நின்றுவிடும். தக்கனும் தலை இழந்தான். ஆயினும் ஆட்டுத்தலை பெற்று உயிர்த்தெழுந்தான்.

மருணீக்கியார் இரவில் ஒருவரும் அறியாமே பாதிரிப்புலியூரை விட்டு நீங்கித் திருவதிகை சேர்ந்தார். தமக்கையார் திலகவதியார் திருவடியில் வீழ்ந்தார். அம்மையார் அவர் எங்குச் சென்றிருந்தார் என வினவவில்லை. ஐந்தெழுத்தை ஓதித் திருநீற்றைக் கொடுத்து, திருப்பள்ளியெழுச்சிப் பொழுதில் திருவலகும் திருமெழுக்கும் தோண்டியும் எடுத்துக்கொண்டு, அவரை உடனழைத்துக் கோயிலுட் புகுந்தார்.