மாலை வகுப்பைத் தள்ளிவைத்தல்

பகலில் உழைப்பு, மாலையில் படிப்பு என்னும் வழக்கத்துக்கு இருநூறு ஆண்டு வரலாறு உண்டு. ஜார்ஜ் பிர்க்பெக் என்னும் மருத்துவரின் முயற்சியால் 1823-இல் லண்டனில் தோன்றிய தொழில்வினைஞர் கழகம், பட்டறைத் தொழிலாளர்களுக்கு வேலை நேரத்துக்குப் பின் அறிவியல் கற்பித்தது. அதுவே பின்னர் பிர்க்பெக் கல்லூரியாக வளர்ந்து, மாலை வகுப்புகளுக்குப் பெயர்பெற்றது. களைப்போடு வருபவருக்காகவே அமைந்த இத்தகைய கல்வியைக்கூட, வேலை கூடிவிட்டது என்பதற்காகத் தள்ளிவைக்கும் நிலை பலருக்கும் நேர்கிறது.

அந்த முடிவு சரியா என்பது, கூடிய வேலையின் தன்மையைப் பொறுத்தது. நிதியாண்டு முடியும் மார்ச் மாதத்தில் கணக்குப் பிரிவில் இருப்பவர், வவுச்சர்களைச் சரிபார்த்து, வங்கி இருப்போடு பேரேட்டை ஒப்பிட்டு, நிலுவைகளைத் தீர்த்து எழும்போது இரவு ஒன்பதாகிவிடும். ஆனால் அந்தச் சுமை எப்போது இறங்கும் என்பது அவருக்குத் தெரியும். வேலையை விட்டுச் சென்ற ஒருவரின் இடம் நிரப்பப்படாமல், அவருடைய கோப்புகள் அடுத்த மேசைக்கு வந்து சேரும்போது கூடும் சுமையோ அத்தகையதன்று. சில வாரங்களில் அதுவே அன்றாட வேலையாகிவிடுவதால், அது குறையட்டும் என்று காத்திருப்பவர் படிப்பைக் கைவிட்டவராகவே ஆகிறார்.

இந்த வேறுபாட்டைக் காணவிடாமல் மறைப்பது, டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இல் விளக்கிய திட்டமிடல் பிழை, அதாவது முன் அனுபவம் இருந்தும் ஒரு பணி முடியத் தேவைப்படும் காலத்தைக் குறைத்தே மதிப்பிடும் மனப்போக்கு. இரண்டு மாதத்தில் ஓய்ந்துவிடும் என்ற நம்பிக்கை பெரும்பாலும் இதிலிருந்தே பிறக்கிறது.

இடைவெளியால் கற்றது அனைத்தும் வீணாகிவிடும் என்ற அச்சமும் முழு உண்மையன்று. பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து தம்மையே சோதித்துக்கொண்ட ஹெர்மன் எபிங்ஹாஸ், மறதி தொடக்கத்தில் விரைவாகவும் பின்னர் மெதுவாகவும் நிகழ்வதையும், மறந்ததை மீண்டும் கற்க முதன்முறையைவிடக் குறைந்த உழைப்பே போதும் என்பதையும் 1885-இல் வெளியிட்ட நூலில் காட்டினார். ஆகவே, வகுப்புக்குப் போக இயலாத காலத்திலும் பழைய பாடங்களை அவ்வப்போது புரட்டிப் பார்ப்பவர் திரும்பி வரும் வழியை எளிதாக்கிக்கொள்கிறார்.

எனினும் முழுப்பொறுப்பையும் கற்பவர்மீதே சுமத்துவது நியாயமாகாது. வேலை நேரத்திலேயே குறிப்பிட்ட காலத்தை, போதிய ஊதிய உரிமையோடு, கல்விக்கென ஒதுக்குவதே ஊதியத்துடன் கூடிய கல்வி விடுப்பு. அதற்கான உடன்படிக்கையைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1974-இலேயே ஏற்றது, தொழிலாளியின் கல்வி அவருடைய ஓய்வை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்பதை உணர்த்துகிறது. எனவே, சுமையின் முடிவு தெரிந்தால் மீண்டும் சேரும் நாளைக் குறித்துக்கொண்டு வகுப்பைத் தள்ளிவைக்கலாம். முடிவு தெரியாவிட்டால், வகுப்பை விடுவதற்கு முன் வேலைப் பங்கீட்டைப் பற்றி மேலதிகாரியிடம் பேசுவதே முறை.