ஓய்வின் இறுதி நாள்

விடுமுறையின் முதல் நாள் மகிழ்ச்சிக்கு உரியது. இறுதி நாள் சிந்தனைக்கு உரியது. ஓய்வு என்பது யாது? அது யாருக்கு உரிமை? ஒருவரின் ஓய்வுக்கு மற்றொருவர் உழைக்க வேண்டியுள்ளதே, அந்தக் கடனை எவ்வாறு தீர்ப்பது? இத்தகைய வினாக்கள் பெரும்பாலும் பெட்டி கட்டும் வேளையில்தான் நெஞ்சில் எழுகின்றன.

தாப்பாவிலிருந்து வளைந்து ஏறும் மலைப்பாதையில் கேமரன் மலையின் வாயிலாக அமைந்த சிற்றூர் ரிங்லெட். 1885இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் இம்மலைப்பகுதியைப் பற்றிக் குறிப்பெழுதினார். 1929இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கப் பெற்றது. காடாக இருந்த சரிவுகள் தேயிலைப் பசுமையாக மாறியதில் தமிழ்த் தொழிலாளரின் வியர்வைக்குப் பெரும் பங்குண்டு. இன்று கொழுந்தெடுப்போருள் பலர் அயல்நாடுகளிலிருந்து வந்தவர்கள். ஆயினும் தோட்டங்களிலும் கடைகளிலும் உழைத்து வாழும் தமிழ்க் குடும்பங்கள் இன்றும் அங்கு உள்ளன.

அவ்வாறான ஒரு தம்பதியரை எண்ணிப் பார்ப்போம். கணவர் தேயிலை ஆலையில் வேலை செய்பவர். மனைவி காய்கறித் தோட்டத்தில் கூலி வேலைக்குச் செல்பவர். நான்கு பருவங்கள் கொண்ட நாடுகளில் இலையுதிர்காலத்தில் விடுமுறை கொள்வோர் உண்டு. நம் நாட்டில் அப்பருவம் இல்லை. ஐப்பசி மழையோடு வரும் தீபாவளியை ஒட்டிக் கிடைக்கும் சில நாள்களே இவர்களின் விடுமுறை. அவற்றை அவர்கள் கோலாலம்பூரில், உறவினர் வீட்டில் கழிக்கிறார்கள்.

இறுதி நாள் வருகிறது. எழுப்புவதற்கு யாருமின்றியே அம்மையார் ஐந்து மணிக்கு விழித்துக் கொள்கிறார். மனம் விடுப்பு எடுத்தாலும் உடல் எடுப்பதில்லை. காலையில் பத்துமலைக்குச் சென்று 272 படிகளையும் மெல்ல ஏறி முருகனை வணங்குகிறார்கள். நண்பகலில் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் ஓர் உணவகத்தில் வாழையிலையின் முன் அமர்கிறார்கள். பரிமாறும் இளைஞனுக்கு அவர்களுடைய மகனின் வயது இருக்கும். தமிழகத்திலிருந்து வேலைக்கு வந்தவன்.

“தம்பி, தீபாவளிக்கு ஊருக்குப் போகலியாப்பா?” என்று அம்மையார் கேட்கிறார்.

“இல்லம்மா. இந்தச் சமயத்துலதான் கடையில கூட்டம் அதிகம்” என்று கூறிவிட்டு அவன் அடுத்த மேசைக்கு விரைகிறான்.

அந்த விடை அம்மையாருக்குப் புதியதன்று. ரிங்லெட்டில் அதே விடையை அவரே பலமுறை கூறியிருக்கிறார். பள்ளி விடுமுறையிலும் வார இறுதியிலும் கோலாலம்பூரிலிருந்து கார்கள் அணியணியாக மலையேறும். குளிர்காற்று வாங்க நகரத்தார் வரும் நாள்களில் மலைவாசிகளுக்கு வேலை இரட்டிப்பாகும். நகரத்தார் ஓய்வுக்காக ரிங்லெட் வருகிறார்கள். ரிங்லெட்டார் ஓய்வுக்காக நகரம் வருகிறார்கள். ஓய்வு இடத்தில் இருக்குமாயின், இரு சாராரும் வீட்டைவிட்டுப் புறப்பட வேண்டியதே இல்லை அன்றோ! தன் கைகளை யாரும் ஏவாத பொழுதே ஓய்வு. நகரத்தானுக்கு அது மலையில் கிடைக்கிறது. மலையிலிருப்பவனுக்கு நகரத்தில் கிடைக்கிறது. அந்த இளைஞனுக்கோ இரண்டு இடத்திலும் கிடைப்பதில்லை.

ஓய்வைச் சோம்பலோடு மயங்கிக் கொள்வோர் உண்டு. திருவள்ளுவர் மடியின்மை என ஓர் அதிகாரமே வகுத்து, சோம்பல் குடியைக் கெடுக்கும் என்று எச்சரித்தார். அவர் கடிந்தது கடமையைத் தட்டிக் கழிக்கும் மடியையே. உழைத்தவன் இளைப்பாறுவது மடி ஆகாது. இதற்குத் தேயிலைச் செடியே சான்று. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை செடியைக் கவாத்து செய்கிறார்கள். புதுத்தளிர் எழுந்து பரவும்வரை அதில் கொழுந்து பறிப்பதில்லை. அக்காலத்தில் செடி சோம்பிக் கிடக்கிறது என்று எந்தத் தோட்டக்காரரும் குறை கூறுவதில்லை.

எனினும் இவ்வுவமை ஓர் எல்லைவரைதான் பொருந்தும். செடி இளைப்பாறுவது மீண்டும் கொழுந்து தருவதற்கு. மனிதனின் ஓய்வும் நாளைய வேலைக்கான ஆயத்தம் மட்டுந்தானா? கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் இதை மறுத்தார். ஓய்வு பெறுவதற்காகவே உழைக்கிறோம் என்பது அவர் கொள்கை. பள்ளியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும், ஓய்வைக் குறிக்கும் ‘ஸ்கோலே’ என்னும் கிரேக்கச் சொல்லின் வழி வந்ததே. கல்வி ஓய்வின் குழந்தை என்பதை ஆசிரியரும் மாணவரும் எண்ணி மகிழலாம். ஆனால் மகிழ்ச்சியோடு நின்றுவிடலாகாது. ஏதென்சு நகரத்துக் குடிமக்களின் ஓய்வு அடிமைகளின் உழைப்பின்மேல் நின்றது. ஓய்வின் மேன்மையை உணர்ந்த அப்பேரறிஞரே அடிமை முறைக்கு நியாயம் கற்பித்தார். ஒருவனுடைய ஓய்வு மற்றொருவனுடைய ஓய்வின்மையால் கட்டப்படுமாயின் அதனை அறம் என்று எவ்வாறு கூறுவது?

இவ்வினாவுக்கு உலகம் நெடுங்காலம் கழித்தே விடை கூறத் தொடங்கியது. 1948இல் ஐக்கிய நாடுகள் அவை வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்தின் 24ஆம் பிரிவு, ஓய்வும் ஊதியத்துடன் கூடிய விடுமுறையும் எல்லார்க்கும் உரிமை என்றது. மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம், பணிக்காலத்திற்கேற்ப ஆண்டுக்கு 8, 12, 16 நாள் ஊதிய விடுப்பை வகுத்தது. எனவே விடுப்பு முதலாளி இரங்கித் தரும் கொடை அன்று; உழைத்து ஈட்டிய பொருள். ஆயினும் சட்டம் நாளைத்தான் தர இயலும். உறவைத் தர இயலாது. கடல் கடந்து வந்த தொழிலாளிக்கு விடுப்பே கிடைத்தாலும், அந்நாளில் உடனிருக்கத் தாயும் மனைவியும் அருகில் இல்லை. ரிங்லெட் தம்பதியர்க்கு ஒருவர்க்கொருவர் துணை இருந்தது. அந்த வேறுபாட்டைத்தான் அம்மையார் அன்று உணர்ந்தார்.

உண்டு முடித்தபின் அவர் சிந்திய பருக்கைகளைத் தாமே திரட்டி இலையில் இடுகிறார். கணவர் நீர்க்குவளைகளை ஓரமாக அடுக்கி வைக்கிறார். இளைஞன் தடுக்க, “இருக்கட்டும் தம்பி” என்கிறார் அம்மையார். இது சிறு செயல்தான். இதனால் அவ்விளைஞனுக்கு விடுப்பு கிடைத்துவிடாது. முதலாளியும் சட்டமும் செய்ய வேண்டிய கடமையை அன்பான ஒரு சொல் நிறைவேற்றிவிடாது. ஆயினும் தன் ஓய்வைத் தாங்கி நிற்கும் கையை ஒருவர் கண்ணால் கண்டுவிட்டார். காணாதவன் கேட்கமாட்டான்; கேளாதவர் நிறைந்த நாட்டில் நீதி பிறக்காது.

மாலையில் பேருந்து புறப்படுகிறது. தாப்பாவைக் கடந்து மலையேறும்போது சாளரத்தின் வழியே குளிர் புகுகிறது. “என்னங்க, நாளைக்கு உங்களுக்குக் காலை வேலையா?” என்று மனைவி கேட்கிறார். “ஆமா” என்கிறார் கணவர். விடுமுறை அந்தச் சொல்லோடு முடிந்தது.

ஆயினும் அதன் பயன் முடியவில்லை. வரும் வார இறுதியில் நகரத்தார் மீண்டும் ரிங்லெட் வழியே மலையேறுவர். அவர்களுள் ஒருவரேனும் தேநீர்க் குவளையைக் கையில் ஏந்தும்போது, அதனைப் பறித்த கைக்கும் ஒரு விடுமுறை வேண்டுமே என்று எண்ணுவாராயின், அன்று அவர் கொள்ளும் ஓய்வு நேர்மையான ஓய்வு ஆகும்.