கொடுத்த வாக்கை விடுவிப்பது யார்?

கூட்டத்தில் ஒரு முடிவு எடுக்கணும்னா நாம உடனே "கை தூக்குங்க" என்கிறோம். அதிகம் பேர் சொன்னால் அதுதான் நியாயம் என்று நானும் நினைத்திருந்தேன். கனடாவில் நடந்த ஒரு வாக்கெடுப்பைப் பற்றிப் படித்ததும் அந்த நினைப்பு ஆட்டம் கண்டது.

முதல் உலகப் போரின்போது கனடா கட்டாய ராணுவச் சேவையைக் கொண்டுவந்தது. பிரெஞ்சு பேசும் கியூபெக் மக்கள் கடுமையாக எதிர்த்தார்கள். 1918-இல் கியூபெக் நகரில் கலவரம் மூண்டு, ராணுவம் சுட்டதில் உயிர்கள் போயின. அந்தக் காயம் ஆறவே இல்லை. அதனால்தான் 1939-இல் மறுபடியும் போர் வந்தபோது, கட்டாயப்படுத்தி யாரையும் கடல் கடந்து அனுப்ப மாட்டோம் என்று பிரதமர் மெக்கன்சி கிங் வாக்குக் கொடுத்தார்.

போர் முற்றியது. 1942 ஏப்ரல் 27-இல், அந்த வாக்கிலிருந்து அரசாங்கத்தை விடுவிக்கச் சம்மதமா என்று நாடு முழுக்கக் கேட்டார்கள். அப்போதிருந்த 9 மாநிலங்களில் 8 'ஆம்' என்றன. கியூபெக்கில் 70 விழுக்காட்டுக்கும் மேல் 'இல்லை'. மொத்தக் கணக்கில் 'ஆம்' வென்றது.

இங்கே எனக்குத் தசரதன் ஞாபகம் வந்தது. அயோத்தியில் வாக்கெடுப்பு வைத்திருந்தால், கைகேயிக்குக் கொடுத்த வரம் செல்லாது என்று ஊரே சொல்லியிருக்கும். ஆனால் தசரதன் கெஞ்சியது ஊரிடம் அல்ல, கைகேயியிடம். கியூபெக் மக்களைக் கைகேயி என்று நான் சொல்லவரல. வாக்கு யாருக்குக் கொடுத்தோமோ அவர்தான் அதை விடுவிக்க முடியும். அவ்வளவுதான்.

"அப்போ ஹிட்லரைத் தடுக்க வேண்டாமா?" என்று கேட்பீங்க. வேணும்தான். நான் அங்கே இருந்திருந்தால் 'ஆம்' என்றே போட்டிருப்பேன். சில நேரம் பெரிய தர்மத்துக்காகச் சொன்ன சொல்லை மீற வேண்டி வரும். ஆனால் "மீறுகிறோம், மன்னியுங்கள்" என்று முகம் பார்த்துச் சொல்லி மீறுவது வேறு; எண்ணிக்கையைக் காட்டி, மீறவே இல்லை என்று சாதிப்பது வேறு. முதலாவதில் வலி இருக்கும், உறவும் மிஞ்சும். இரண்டாவதில் கணக்கு மட்டும்தான் மிஞ்சும்.

வென்ற பிறகும் கிங் தயங்கினார். கட்டாயத்தில் சேர்த்தவர்களைக் கடல் கடந்து அனுப்பும் முடிவை 1944 நவம்பரில்தான் எடுத்தார்.

நம்ம நாட்டிலும் பல இனம், பல மொழி. நம்ம இயக்கத்துக்குள்ளேயே பெரிய கிளை, சின்னக் கிளை உண்டு. அடுத்த முறை கை தூக்கும் முன் ஒரு கேள்வி கேட்போம்: இந்த வாக்கை நாம் யாருக்குக் கொடுத்தோம்? அவர்களிடம் பேசினோமா?