எருமைக்கும் இடம் உண்டு

அரிய அழகைத் தேடிப் போகிறவன் ரசிகன். தினமும் கண்ணில் படுவதை விடாமல் பார்க்கிறவன் ஓவியன். சித்தன்னவாசல் குகை விதானத்தில், சுமார் 9ஆம் நூற்றாண்டு ஓவியர் தீட்டியது ஒரு தாமரைக் குளம். பூப்பறிப்பவர்கள், மீன்கள், யானைகள். சமணரின் புனிதப் பொய்கையாம் அது. அதிலும் எருமைக்கு இடம் கொடுத்த மனம் எவ்வளவு பெரியது!

சேர்வராயன் மலைப் பிள்ளைகளுக்கும் தினமும் கண்ணில் படும் அந்தச் செல்வம் கைக்கெட்டும் தூரத்தில்தான். காப்பிச் செடி வெள்ளை வெளேரெனப் பூத்துச் சில நாட்களில் உதிர்கிறது. வேலியோரம் மாடு அசைபோடுகிறது. மே மாதம் ஏற்காட்டில் மலர்க் கண்காட்சி. ஒரு பென்சிலும், யாரும் அவசரப்படுத்தாத ஒரு மாலையும் கொடுங்கள். முதலில் மாட்டின் கண்ணை வரையட்டும். பிறகு டேலியாப் பூவின் இதழடுக்கும் மெல்ல வசப்படும்.