எலியின் முதுகும் மனிதனின் பாதமும்

மல்லேஸ்வரம் பிளேக் பெற்ற பிள்ளை. 1898-ல் பெங்களூர்ப் பேட்டைக்குள் கொள்ளைநோய் புகுந்து நெரிசலான தெருக்களைக் கலக்கியபோது, காற்றும் வெளிச்சமும் வருகிற அகன்ற வீதிகளோடு ஒரு குடியிருப்பு வேண்டும் என்ற நெருக்கடியில் உருவான ஊர் இது. அதே ஆண்டு ஜூன் மாதம் கராச்சியில் பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் பிளேக் கண்ட எலி ஒன்றை அதன் தெள்ளுப்பூச்சிகளோடு ஒரு கண்ணாடி ஜாடிக்குள் விட்டார். அதைத் தொட முடியாதபடி கம்பிவலைக் கூண்டில் அடைத்த நல்ல எலி ஒன்றையும் அதே ஜாடிக்குள் தொங்கவிட்டார். சில நாட்களில் அந்த எலியும் பிளேக்கில் செத்தது. நோயைச் சுமந்து செல்வது தெள்ளுதான் என்பதற்கு முதல் சோதனைச் சான்று அப்படித்தான் கிடைத்தது. கொல்லாமையில் உறுதியாக நிற்பவருக்கும் அந்த எலிகளின் சாவை வீண் என்று சொல்வது கடினம். அதற்கு ஒரு காரணம் உண்டு: சிமோனின் ஜாடியில் இருந்த எலி யாருக்கும் பதிலாள் இல்லை. பிளேக் எலிக்கும் நோய்தான். அது தன் நோயைப் பற்றியே சாட்சி சொன்னது.

இன்று ஆய்வுக்கூடங்களில் சர்க்கரைப் புண்ணுக்காகக் கீறப்படும் எலி வேறு வகை சாட்சி. அது மனிதனுக்குப் பதிலாக நிற்கிறது. மல்லேஸ்வரத்தின் ஒருபுறம் காடு மல்லேஸ்வரர் கோயில். மறுபுறம், வட ஓரத்தில், ஊரார் இன்னும் டாடா இன்ஸ்டிட்யூட் என்றே சொல்லும் இந்திய அறிவியல் கழகம், 1909-ல் நிறுவப்பட்டது. உயிர்க்கொலை கூடாது என்ற கொள்கையும் உயிரைக் காக்க உயிரைச் சோதிக்கும் அறிவியலும் ஒரே ஊருக்குள் இப்படி அருகருகே வாழும்போது, கேள்வி வழக்கமாக ஒரே வடிவில் வருகிறது: மனிதனின் காலைக் காப்பாற்ற எலியை வதைக்கலாமா? இதற்கு முந்தைய கேள்வி ஒன்று இருக்கிறது என்றும், அதைக் கேட்காமல் விடுவதே பெரிய அறப்பிழை என்றும் நினைக்கிறேன். அந்த எலியின் புண், மனிதனின் புண்ணைப் பற்றி உண்மை சொல்கிறதா?

புண்ணின் கனத்தைக் குறைத்துப் பேசுவதற்கில்லை. 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடளாவிய ஆய்வு, இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் ஏறத்தாழ 10.1 கோடி என்று மதிப்பிட்டது. சர்க்கரை நோயாளிகளில் 19 முதல் 34 விழுக்காட்டினருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது பாதத்தில் புண் வரலாம் என்பது உலக அளவிலான கணிப்பு. ஆறாத புண்ணில் கிருமி ஏறி, விரல் போய், பாதம் போய், முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள் என்ற செய்தி எந்தக் குடும்பத்துக்கும் புதிதல்ல. மதுமேகம் உள்ளவரின் புண் எளிதில் ஆறாது என்று சுசுருதர் எப்போதோ எழுதிவைத்தார். மாணவர்கள் முதலில் பூசணியிலும் தர்ப்பூசணியிலும் வெட்டிப் பழக வேண்டும், துணிப் பொம்மையில் கட்டுப்போட்டுப் பழக வேண்டும் என்று சொன்னவரும் அவரே. நோயாளியின் உடம்பில் நேரடியாகக் கற்றுக்கொள்ளாதே என்பது அதன் பொருள். ஆகவே மாதிரி என்ற எண்ணம் இந்த மண்ணுக்கு அந்நியமில்லை. ஆனால் பூசணிக்கு வலிக்காது.

சமணம் இந்த இடத்தில் உதவுகிறது. உயிரைப் பறிப்பது என்ற நிகழ்ச்சியை மட்டும் வைத்துச் சமண ஆசான் உமாசுவாதி இம்சையை வரையறுக்கவில்லை; கவனக்குறைவோடும் பற்றோடும் செயல்படும்போது நேரும் உயிர்ச்சேதம் என்று வரையறுத்தார். பார்த்துப் பார்த்து அடியெடுத்து வைக்கும் துறவியின் காலடியில் தற்செயலாக எறும்பு நசுங்குவதும், பாதையைப் பார்க்காமல் நடப்பவன் காலில் நசுங்குவதும் அந்தத் தராசில் ஒன்றல்ல. இதை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்தால் விளைவு கடுமையானது. கேள்வியைச் சரியாக யோசிக்காமல், மாதிரி பொருந்துமா என்று பார்க்காமல், மயக்க மருந்தை மட்டும் ஒழுங்காகக் கொடுத்துவிட்டுச் செய்த சோதனையும் இம்சைதான். வள்ளுவர் கொல்லாமையை முதல் அறமாகவும் பொய்யாமையை அதற்கு அடுத்ததாகவும் வைக்கிறார். ஆய்வுக்கூடத்தில் இந்த இரண்டையும் பிரிக்கவே முடியாது. பொய்யான மாதிரியை வைத்துச் செய்த கொலைக்கு, அறிவுக்காகச் செய்தேன் என்ற ஒரே சமாதானமும் இல்லாமல் போய்விடுகிறது.

இனி அந்த மாதிரி எப்படிப்பட்டது என்று பார்க்கலாம். வழக்கமான முறையில், ஸ்ட்ரெப்டோசோடோசின் என்ற மருந்தை ஊசி போட்டு எலியின் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழிப்பார்கள். சில நாட்களில் சர்க்கரை ஏறும். பிறகு முதுகில் முடியை மழித்து, வட்டக் கத்தியால் சுத்தமான ஒரு துளை போட்டு, மருந்து தடவி, நாளுக்கு நாள் புண்ணின் பரப்பை அளப்பார்கள். மனிதப் புண்ணின் கதையே வேறு. பல ஆண்டு சர்க்கரையில் நரம்பு மரத்து, ரத்தக்குழாய் அடைத்து, குத்தியது தெரியாமல் நடந்து, செருப்பு உரசி, கிருமி குடியேறிய பிறகு வருவது அது. எலி இளசு, மனிதர் பெரும்பாலும் நடுவயது தாண்டியவர். எலியின் முதுகை யாரும் மிதித்து நடப்பதில்லை. இவை எல்லாவற்றையும் விடப் பெரிய வேறுபாடு தோலில் இருக்கிறது. எலியின் தோலுக்கு அடியில் மெல்லிய தசைப்படலம் ஒன்று பரவியிருப்பதால் புண்ணின் ஓரங்கள் சுருங்கி ஒன்றையொன்று நெருங்கி மூடிக்கொள்கின்றன. மனிதத் தோல், அதிலும் உள்ளங்கால், பெரும்பாலும் புதுச்சதை வளர்ந்து மேலே தோல் படர்ந்துதான் ஆற வேண்டும். புண் சிறுத்தது என்று எலியில் நாம் அளப்பது பல நேரம் தோலின் இழுப்பை. இது தெரிந்ததால்தான் 2004-ல் கலியானோவும் அவர் குழுவினரும் புண்ணைச் சுற்றி ஒரு வளையத்தைத் தைத்துச் சுருக்கத்தைத் தடுக்கும் முறையை வெளியிட்டார்கள். அதற்குப் பிறகும் வளையம் இல்லாத துளைகள், ஏதோ ஓர் இலைச் சாறு, மருந்து தடவாத எலியைவிட வேகமாக ஆறியது என்ற முடிவு என்று கட்டுரைகள் வந்துகொண்டே இருக்கின்றன. வேம்பின் பெயரைத் தாங்கிய மார்கோசா சாலையும் செண்பகத்தின் பெயரைத் தாங்கிய சம்பிகே சாலையும் உள்ள ஊரில் மூலிகை மேல் எனக்கு விரோதம் எதுவும் கிடையாது. எலி தந்த சான்றுதான் மூலிகைக்குப் போதவில்லை.

2001-ல் சல்லிவனும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஒரு மீளாய்வு, புண் சிகிச்சைகள் பலவற்றில் மாதிரிகளின் முடிவையும் மனிதரில் கிடைத்த முடிவையும் ஒப்பிட்டது. பன்றியின் முடிவுகள் 78 விழுக்காடு மனிதரோடு ஒத்துப்போயின. சிறு விலங்குகள் 53 விழுக்காடு. உயிருள்ள விலங்கே இல்லாத, கண்ணாடித் தட்டில் செல்களை வைத்துச் செய்த சோதனைகள் 57 விழுக்காடு. பழைய ஆய்வு, சர்க்கரைப் புண்ணை மட்டும் பார்த்ததும் அல்ல. ஆனாலும் அந்த 53-ஐ வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்க முடியாது. தட்டில் கிடக்கும் செல்லைவிடத் துல்லியமாக எதையும் சொல்லாத எலியை, துல்லியத்தின் பேரில் எப்படிக் கீறுவது?

தோல்வியும் அறிவுதானே, எது பொருந்தும் என்று முன்கூட்டியே யாருக்குத் தெரியும் என்பது வலுவான மறுப்பு. பெகாப்லெர்மின் என்ற வளர்ச்சிக்காரணி மருந்து இதற்கு நல்ல உதாரணம். மரபணுக் குறையால் சர்க்கரை வரும் டி.பி/டி.பி சுண்டெலிகளில் அந்தக் காரணி புண்ணை நன்றாக ஆற்றியது. மனிதரில் 1998-ல் வெளியான சோதனையில், 20 வாரத்தில் முழுதாக ஆறியவர்கள் மருந்துக் களிம்பு போட்டவர்களில் 50 விழுக்காடு, மருந்தில்லாத களிம்பு போட்டவர்களில் 35 விழுக்காடு. சுண்டெலி முழுப் பொய் சொல்லவில்லை, மிகைப்படுத்தியது என்று வைத்துக்கொள்ளலாம். முதல் முறை அதைச் சோதித்தவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மாதிரியின் குறை அச்சில் வந்து, பாடமாகி, எல்லோருக்கும் தெரிந்த பிறகும் அதையே திரும்பச் செய்பவருக்கு அறியாமை என்ற அடைக்கலம் இல்லை. தோல்வியடைந்த சோதனையை வெளியிடாமல் மறைப்பவர், அதையே இன்னொரு ஊரில் இன்னொருவர் வேறு எலிகளில் மறுபடி செய்யக் காரணமாகிறார். அந்த எலிகளின் கணக்கு மறைத்தவருடைய ஏட்டில்தான் ஏற வேண்டும்.

எலி எதற்கும் உதவாது என்று இதிலிருந்து முடிவு கட்டினால் அதுவும் பொய்யாகிவிடும். சர்க்கரைப் பாதத்துக்கு இன்றுவரை கைகொடுக்கும் பெரிய பாடங்களில் ஒன்று, புண்மேல் விழும் பாரத்தை அகற்று என்பது. அந்தப் பாடம் வளர்ந்த இடங்களில் வேலூர் முக்கியமானது. 1946-ல் அங்கே வந்த பால் பிராண்ட், தொழுநோயில் உணர்விழந்த பாதங்களைப் பார்த்து, புண்ணுக்குக் காரணம் சதை தானாக அழுகுவது அல்ல, வலி தெரியாமல் திரும்பத் திரும்ப மிதிப்பதே என்று கண்டார். பின்னாளில் அமெரிக்காவின் கார்வில்லில், எலியின் உள்ளங்காலை மிதமான அழுத்தத்தில் தினமும் ஆயிரக்கணக்கான முறை அழுத்தும் சோதனைகளைச் செய்தார். சில நாட்களில் பாதம் வீங்கிப் புண்ணானது. ஒருமுறை தாங்கும் அழுத்தத்தைப் பத்தாயிரம் முறை தாங்க முடியாது என்பது தெரிந்தது. எலியின் முதுகுத்தோல் மனிதத் தோலைப் போல ஆறுமா என்று அவர் கேட்கவில்லை; உயிருள்ள சதை ஓயாத அழுத்தத்தைத் தாங்குமா என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு எலியிடம் பதில் இருந்தது.

இதற்கு நேரெதிர்த் திசையிலிருந்து ஒரு மறுப்பு வரும். உண்மையோ பொய்யோ, வதை வதைதான். வாடிய பயிருக்கே உள்ளம் வாடிய வள்ளலாரின் மரபில் நின்று பேசுபவர் எலியின் பயன்பாட்டைக் கணக்கிடவே சம்மதிக்க மாட்டார். இந்த நிலையை எளிதில் தள்ளிவிட முடியாது, தள்ளவும் கூடாது. ஆனால் அதை முழுமையாகக் கடைப்பிடிக்க வேண்டுமானால் இன்சுலினையும் மறுக்க வேண்டியிருக்கும். 1921-ல் டொரண்டோவில் நாய்களில் கண்டறியப்பட்டு, அதன்பின் அறுபது ஆண்டுகள் மாட்டின், பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்பட்ட மருந்து அது. ஊசி போட்டுக்கொள்ளும் நோயாளியிடம் போய் இதைச் சொல்லும் துணிவு எனக்கில்லை. வள்ளலார் வழி நிற்பவரின் பங்கு வேறு என்று தோன்றுகிறது. சோதனை வேண்டும் என்பவர்தான் காரணம் காட்ட வேண்டும், வேண்டாம் என்பவர் அல்ல என்ற நிலையை அவர் ஓயாமல் காத்து நிற்கிறார். அவர் இல்லாவிட்டால் காரணம் கேட்கும் வழக்கமே ஒழிந்துபோகும்.

சட்டமும் ஒரு சங்கடத்தை வைத்திருக்கிறது. 1960-ன் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, முயல், எலி, தவளை போன்ற சிறு விலங்குகளிலேயே அதே முடிவைப் பெற முடியுமானால் பெரிய விலங்குகளைத் தவிர்க்கச் சொல்கிறது. எண்ணம் நல்லதுதான். ஆனால் அதே முடிவு என்ற நிபந்தனை படிக்கப்படாமல், எலி என்றால் கேள்வி கிடையாது என்பதுபோல நடைமுறை ஆகிவிட்டது. சமணக் கணக்கில் எலியும் ஐம்புலன் உயிர், பன்றியும் ஐம்புலன் உயிர். உடம்பின் அளவு அங்கே தகுதியாவதில்லை. பொருந்தாத நூறு எலிகளைவிடப் பொருந்துகிற நான்கு பன்றிகள் குறைந்த இம்சை என்று வாதிட இடமுண்டு. பன்றியின் தோலும் மனிதத் தோலைப் போலப் புதுச்சதை வளர்ந்து ஆறுவது. அதற்காகும் செலவும் இடமும் தயக்கத்துக்குக் காரணங்களே. அவற்றைக் கருணை என்று பெயரிட்டு அழைக்காமல் இருந்தால் சரி.

அப்படியானால் விலங்கே இல்லாத மாதிரிகளுக்கு மாறிவிடலாமே? 2023-ல் புதிய மருந்து விதிகளில் செய்த திருத்தம், செல் வளர்ப்பு, சில்லு மேல் உறுப்பு, உயிரச்சு போன்ற முறைகளுக்கு இந்தியாவில் வழி திறந்திருக்கிறது. அறுவைசிகிச்சையில் கழித்துப்போடும் மனிதத் தோலையும் சில நாட்கள் உயிரோடு வைத்துச் சோதிக்க முடிகிறது. வரவேற்க வேண்டியவை. ஆனால் இவற்றுக்கும் அதே கட்டளைக்கல்தான். வளர்த்தெடுத்த தோலில் பெரும்பாலும் ரத்த ஓட்டம் இல்லை, மரத்துப்போக நரம்பும் இல்லை, நடையின் பாரமும் இல்லை. அது தவறான நம்பிக்கை தந்தால் எலி தப்பிக்கும். மருந்தை நம்பி மாதக்கணக்கில் காத்திருந்து கால் இழப்பவர் தப்ப மாட்டார். இம்சை அங்கே இடம் மாறியிருக்கும், அவ்வளவுதான்.

நம் நாட்டில் ஒவ்வொரு விலங்குச் சோதனையும் நிறுவனத்தின் அறநெறிக் குழுவைக் கடந்துதான் போக வேண்டும். விஞ்ஞானிகள், கால்நடை மருத்துவர் ஆகியோரோடு, விஞ்ஞானி அல்லாத சமூக அக்கறை கொண்ட ஒருவரும் அதில் இருக்க வேண்டும் என்பது விதி. எத்தனை எலி, என்ன மயக்க மருந்து, எப்படி முடித்துவைப்பீர்கள் என்ற கேள்விகளோடு அவர் நின்றுவிட வேண்டியதில்லை. இந்தத் துளை எந்த வகை நோயாளியின் எந்தப் புண்ணுக்குப் பதில் சொல்லும், இதே மாதிரி இதற்கு முன் எங்கெல்லாம் பொய்த்தது, இந்தச் சோதனை பொய்த்தால் அதை எங்கே அச்சிடுவீர்கள் என்று அவர் கேட்கலாம். இதைக் கேட்க உயிரியல் பட்டம் தேவையில்லை. பதில் எழுத்தில் வரும்வரை கையெழுத்துப் போடாமல் இருக்கலாம்.